பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கும் நடுநிலை

கோழிப் பண்ணையிலோ இறைச்சிக் கூடத்திலோ ஆய்வுக்கூடத்திலோ எடுத்த படம் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளிச்சத்தைப் பாராட்டுவார்கள், கோணத்தைப் பாராட்டுவார்கள். பிறகு ஒருவர், “ஆனா இது நியூஸ் போட்டோ இல்லையே சார், பிரசாரம்ல?” என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எடுத்தவர் விலங்கு ஆர்வலர், பண்ணைக்காரரின் நியாயம் படத்தில் இல்லை, காலையில் காபியோடு பேப்பர் பிரிப்பவர் முகம் சுளிப்பார். படம் கணினியில் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போய்ப் படுத்துவிடும்.

அலுவலகத்துக்கு வெளியேயும் இதே பேச்சுதான். படித்தவர்கள், நாய்க்குட்டி வளர்ப்பவர்கள், தெருப்பூனைக்குப் பால் வைப்பவர்கள்கூட இப்படித்தான் சொல்கிறார்கள். மனிதர்கள் விலங்குகளை நடத்தும் விதத்தைக் காட்டும் படங்கள் உணர்ச்சியைக் கிளறும் சரக்கு, செய்திக்கு வேண்டிய நடுநிலை அவற்றில் கிடையாது என்பது ஏறக்குறைய பொதுப்புத்தியாகிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. படத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது என்று குறைப்படுகிறவர்கள், மறுபக்கத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பது யார் என்று ஏன் கேட்பதில்லை?

முதலில் ஒரு கொரில்லா. 2007 ஜூலையில் காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. அவற்றில் சென்க்வெக்வே என்று பெயரிடப்பட்ட பெரிய ஆணும் ஒன்று. அதன் உடலை மரக்கொம்புகளில் கட்டிப் பலர் சேர்ந்து தோளில் தூக்கி வருவதைத் தென்னாப்பிரிக்காவின் பிரென்ட் ஸ்டிர்டன் படமெடுத்தார். கொரில்லா மல்லாந்து கிடக்கிறது, கைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர் ஒருவரின் சவ ஊர்வலம் போலவே இருக்கும். நியூஸ்வீக் வெளியிட்டது, உலகமே பார்த்தது. காட்டை வெட்டிக் கரி சுட்டு விற்கும் கும்பலை நோக்கி விரல்கள் நீண்டன. கரி வியாபாரியின் நியாயம் இந்தப் படத்தில் எங்கே என்று யாராவது கேட்டார்களா? 2015-ல் சுமத்ராவின் மேடான் நகரத் துறைமுகத்தில், உறைந்த மீன்களுக்கு அடியில் மறைத்துக் கடத்தப்பட்ட சுமார் 4,000 அழுங்குகள் பிடிபட்டன. அவை பனி உருகிக் குவிந்து கிடந்ததை பால் ஹில்டன் எடுத்த படத்துக்கு மறு ஆண்டே உலகின் பெரிய கானுயிர்ப் புகைப்படப் போட்டியில் பரிசு கிடைத்தது. அதையும் யாரும் ஒருதலைப்பட்சம் என்று சொல்லவில்லை.

அதே கேமரா பன்றிக் கொட்டகைக்குள் போகட்டும், எல்லோருக்கும் திடீரென்று இலக்கணம் ஞாபகம் வந்துவிடுகிறது. கொரில்லாவைக் கொன்றவன் எங்கோ இருக்கும் திருடன், பன்றிக்குக் காசு கொடுப்பவர்கள் நாம். கேட்க உறுத்தலாக இருக்கலாம், ஆனால் ஒரு படம் செய்தியா பிரசாரமா என்பதை இன்று தீர்மானிப்பது அந்தப் படம் யார் சாப்பாட்டு மேசையைத் தொடுகிறது என்பதுதான்.

கனடாவைச் சேர்ந்த ஜோ-ஆன் மெக்கார்தர் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவர். விலங்குப் பத்திரிகைப் புகைப்படம் என்று இதைத் தனித் துறையாகப் பேசவைத்ததில் அவர் பங்கு பெரிது. அவரைப் பற்றி லிஸ் மார்ஷல் இயக்கிய ‘தி கோஸ்ட்ஸ் இன் அவர் மெஷின்’ என்ற ஆவணப்படம் 2013-ல் வந்தது. 2020-ல் பல நாடுகளைச் சேர்ந்த புகைப்படக்காரர்களின் வேலையைத் திரட்டி கீத் வில்சனோடு சேர்ந்து ‘ஹிடன்’ என்ற பெரும் தொகுப்பை மெக்கார்தர் கொண்டுவந்தார். இந்த வகைப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலானவற்றில் யாரும் வெறிகொண்டு யாரையும் அடிப்பதில்லை. ஒரு தொழிலாளி தன் ஷிப்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு லாரி போய்க்கொண்டிருக்கிறது. கூண்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் விதிப்படி நடக்கிறது. நம்மைத் தொந்தரவு செய்வது அந்த ‘விதிப்படி’தான்.

“எங்கோ ஒரு பண்ணையில் ஒரு முரடன் செய்ததை வைத்துத் தொழிலையே பழிப்பதா?” என்ற கேள்வி இங்கேதான் நொண்டுகிறது. 2009-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் ஒரு பெரிய குஞ்சு பொரிப்பகத்துக்குள் ரகசியமாக எடுத்த வீடியோ வெளியானது. முட்டையிடும் இனத்தில் சேவல் குஞ்சால் யாருக்கும் வரும்படி இல்லை. அது முட்டையும் போடாது, கறிக்குத் தக்கபடி சீக்கிரம் எடையும் போடாது. அதனால் பிறந்த அன்றே பிரித்தெடுத்துவிடுகிறார்கள். பெல்ட்டில் மஞ்சள் மஞ்சளாக வரும் குஞ்சுகளைக் கைகள் மின்னல் வேகத்தில் இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பகுதி பண்ணைக்கு, இன்னொரு பகுதி உயிரோடு அரவை இயந்திரத்துக்கு. நிறுவனம் என்ன பதில் சொன்னது? படம் பொய் என்று சொல்லவில்லை, ஒரு முரடனின் வேலை என்றும் சொல்லவில்லை. சட்டென்று உயிர் போகும் முறை இது, துறை முழுவதும் நடப்பதுதான், கால்நடை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டதுதான் என்றது. படமெடுத்தவர் சொல்லவந்ததும் அதேதானே! ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இந்த முறைக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி வைத்தது.

அடுத்து, “மனுஷனுக்கே நாதியில்லை, மாட்டுக்கு என்ன போட்டோ?” நம் ஊரில் அதிகம் கைதட்டல் வாங்கும் வாதம் இது. கலிபோர்னியாவின் சீனோ நகரில் ஒரு மாட்டிறைச்சிக் கூடத்தில் விலங்குநல அமைப்பைச் சேர்ந்த ஒருவர் தொழிலாளியாகச் சேர்ந்து எடுத்த வீடியோ 2008 ஜனவரி இறுதியில் வெளியானது. எழுந்து நிற்க முடியாத பால் மாடுகள். ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்புக் கொம்பால் ஒன்றைப் புரட்டுகிறார்கள், இன்னொன்றின் மூக்கில் குழாயால் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள், எப்படியாவது அது நாலு எட்டு வைத்துவிட வேண்டும். நிற்கத் தெம்பில்லாத மாட்டை உணவுக்கு வெட்டக் கூடாது, பைத்திய மாட்டு நோய்க்குப் பயந்து வைக்கப்பட்ட விதி அது. அந்தக் கூடம் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவுக்குக் கறி அனுப்பிக்கொண்டிருந்தது. அரசு ஆய்வாளர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாதது ஒரு சின்னக் கேமராவில் பட்டது. 14.3 கோடி பவுண்டு இறைச்சியைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று, அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டதில்லை. மாட்டைப் படமெடுத்தவர் மனிதக் குழந்தையை மறந்தார் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

அந்தக் கூடம் தொடர்பான வழக்கில் எனக்கு ஒரு மனக்கசப்பும் உண்டு. முதலில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் அங்கே வேலை செய்த இருவர். நிற்காத மாட்டையும் ஓட்டிக்கொண்டு வா என்ற நெருக்கடி மேலிருந்துதான் வருகிறது, படத்தில் தெரிவதோ கீழே இருப்பவனின் முகம். இந்த வகைப் படங்களில் இருக்கும் உண்மையான குறை இது, ‘பிரசாரம்’ என்று கத்துபவர்கள் இதைச் சொல்வதே இல்லை. யார் முதலாளி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தலை, என்ன கூலி என்பதைப் படக்குறிப்பு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கூலிக்காரன் தலையில் மொத்தப் பழியும் விழும்.

அத்துமீறல் என்பார்கள். ஸ்டிர்டன் யார் வேலியைத் தாண்டினார்? ஹில்டன் எடுத்தது அதிகாரிகள் கைப்பற்றிய சரக்கை. மெக்கார்தரின் படங்களில் பல, நெடுஞ்சாலையில் நின்றிருக்கும் லாரிகளின் காற்றுத் துளை வழியே எடுத்தவை. சந்தை, கண்காட்சி, சர்க்கஸ் எல்லாம் டிக்கெட் வாங்கியோ வாங்காமலோ நாமே போகிற இடங்கள். மீதியில் பல, பொய்ப் பெயரிலோ பாதி உண்மையிலோ வேலைக்குச் சேர்ந்து எடுத்த படங்கள். அதை மனிதர்களுக்காகச் செய்தால் புலனாய்வு என்று விருது கொடுக்கிறோம். 1887-ல் நெல்லி பிளை மனநோயாளி போல நடித்து நியூயார்க் மனநல விடுதிக்குள் போனார், இதழியல் வகுப்புகளில் இன்றும் அவருக்கு மரியாதை. 1975-ல் மேரி பீத் பிரிட்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, வரிசையாகக் கட்டப்பட்ட பீகிள் நாய்கள் முகமூடி வழியே சிகரெட் புகை இழுப்பதைப் படமெடுத்து ‘தி பீப்பிள்’ இதழில் வெளியிட்டார். அவர் செய்ததும் அதே வேலைதான்.

படம் பொய் என்றால் அவதூறு வழக்குப் போட ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. புதிதாகச் சட்டம் கேட்பவர்கள் மெய்யான படத்துக்குப் பயந்துதான் கேட்கிறார்கள். ஐடஹோ மாநிலத்தில் பால் பண்ணை ஒன்றில் மாடுகளை அடித்து மிதிக்கும் வீடியோ 2012-ல் வெளிவந்தது. பால் தொழில் அமைப்பினர் முனைப்புக் காட்ட, 2014 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. பண்ணைக்குள் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் படமெடுத்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். மாட்டை வதைத்தவனுக்கு, முதல் குற்றமென்றால், அதிகபட்சம் ஆறு மாதம். அதாவது அடித்தவனைவிட அதைக் காட்டியவன் இரு மடங்கு குற்றவாளி! 2015 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி லின் வின்மில் அந்தச் சட்டம் செல்லாது என்றார். சிகாகோ இறைச்சிக் கூடங்களின் நிலையை 1906-ல் நாவலாக்கி, உணவுப் பாதுகாப்புச் சட்டங்களுக்கே வழிவிட்ட அப்டன் சின்க்ளேரும் இந்தச் சட்டப்படி உள்ளே போயிருப்பார் என்று தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில பிரிவுகளை உயிர்ப்பித்தாலும், படமெடுப்பதைத் தடுக்கும் பிரிவு செல்லாது என்பதை உறுதி செய்தது. இதே வகைச் சட்டங்கள் வேறு மாநிலங்களிலும் உண்டு, அயோவாவும் 2012-லேயே ஒன்று கொண்டுவந்தது. குஞ்சு பொரிப்பக வீடியோ எடுக்கப்பட்ட அதே அயோவாதான்.

படத்தால் என்ன ஆகிவிடும், பார்த்துப் பார்த்து மனம் மரத்துத்தான் போகும் என்ற தத்துவத்தையும் அவ்வப்போது கேட்கிறோம். புகைப்படம் பற்றி எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1977-ல் எழுதியதை மேற்கோள் காட்டுவார்கள். அதே சொன்டாக் 2003-ல் வந்த புத்தகத்தில் தன் பழைய கருத்தைத் தானே கேள்விக்கு உட்படுத்தியதை ஏனோ விட்டுவிடுவார்கள்.

படத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1966-ஐப் பார்க்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு பென்சில்வேனியாவில் பெப்பர் என்ற டால்மேஷன் நாய் காணாமல் போனது. திருட்டு நாய்களை வாங்கி ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் தரகர்களின் கை மாறி மாறி, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பரிசோதனை மேசையில் அது செத்துப்போயிருந்தது. ஜோசப் ரெஸ்னிக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தரகர்களைக் கட்டுப்படுத்த மசோதா கொண்டுவந்தார். அது நகரவில்லை. 1966 பிப்ரவரி 4 ‘லைஃப்’ இதழில் ஸ்டான் வேமனின் படங்கள் வந்தன. மேரிலாண்டில் ஒரு தரகரின் இடத்தைப் போலீஸ் சோதனையிட்டபோது கூடவே போய் எடுத்தவை. எலும்பு துருத்திய நாய்கள், சங்கிலி, அழுக்கு. ஆறு ஏழு மாதத்தில், ஆகஸ்ட் 24 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் ஆய்வுக்கூட விலங்கு நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்படிப்பட்ட சட்டம் அமெரிக்காவில் அதுவே முதல்.

எனக்கு அந்தச் சட்டத்தில் இருந்ததைவிட இல்லாததுதான் அதிகம் பேசுகிறது. நாய், பூனை, குரங்கு, முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் உள்ளே வந்தன. ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாகப் பயன்படும் எலியும் சுண்டெலியும் வெளியே நின்றன. இதற்கென்றே வளர்க்கப்படும் எலிகளையும் பறவைகளையும் 2002-ல் சட்டத்தின் வரையறையிலிருந்தே வெளிப்படையாக நீக்கினார்கள். உணவுக்கு வளர்க்கும் மாடும் கோழியும் அதன் பக்கத்திலேயே வரவில்லை. கேமரா எட்டிய தூரம் வரைக்கும்தான் சட்டத்தின் கையும் எட்டியது. இந்தப் படங்கள் மிகையாகக் காட்டுகின்றன என்று குறை சொல்பவர்களுக்கு என் பதில், காட்டியது போதவில்லை என்பதே.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதம் எனக்குக் கனமாகப் படுகிறது. சீல் வேட்டை. கிழக்குக் கனடாவின் பனித்தரையில் வெள்ளை ரோமக் குட்டிகளைத் தடியால் அடிக்கும் படங்கள் 1960-களிலிருந்து ஐரோப்பாவை உலுக்கின. 1964-ல் வெளியான ஒரு படத்தில், உயிரோடு தோலுரிக்கும் காட்சியைக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னார்கள் என்று பின்னாளில் குற்றச்சாட்டு எழுந்தது. 1983-ல் ஐரோப்பியச் சமூகம் குட்டித் தோல் இறக்குமதிக்குத் தடை விதித்தது. சீல் தோல் சந்தையே சரிந்தது. அடி விழுந்தது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களுக்கும். அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் வேறு வகை, வளர்ந்த சீல்கள், அதுவும் சாப்பிடுவதற்கு. மிஞ்சும் தோலை விற்றுத்தான் துப்பாக்கிக் குண்டும் பெட்ரோலும் வாங்கினார்கள். அவர்களுக்கு விலக்கு உண்டு என்று தாளில் எழுதியிருந்தது. ஆனால் வாங்க ஆளில்லாத சந்தையில் விலக்கை வைத்து என்ன செய்வது? இனுயிட் இயக்குநர் அலெத்தியா அர்னாகுக்-பாரில் 2016-ல் எடுத்த ‘ஆங்ரி இனுக்’ அந்தக் கோபத்தைத்தான் சொல்கிறது. அது நியாயமான கோபம்.

ஆனால் அதிலிருந்து, விலங்கு வதையைப் படமெடுக்காதே என்ற முடிவுக்கு எப்படிப் போவது? அங்கே தவறியது பத்திரிகைப் பணி. யார் வேட்டைக்காரர், எந்த வகை சீல், கப்பலில் வந்து வேட்டையாடியவர் யார், கரையில் வாழ்பவர் யார் என்று படத்தோடு சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். காசு கொடுத்துக் காட்சி அமைத்தது உண்மை என்றால் அவர்கள் பெயரை நாற அடித்திருக்க வேண்டும். போர்க்களத்திலும்தான் ஜோடித்த படங்கள் வந்திருக்கின்றன. அதற்காகப் போரைப் படமெடுக்காமல் விட்டோமா? கேமராவை இனுயிட் பெண் ஒருவர் கையில் எடுத்துப் பதில் சொன்னார், அதுவும் விலங்கையும் மனிதரையும் பற்றிய படம்தான்.

நமக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று உண்டு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, கண்காணிப்பாளர்கள் படங்களோடு தந்த அறிக்கைகளைப் பெரிதும் எடுத்தாண்டது. வால் முறுக்குவது, குத்துவது, எல்லாம் அதில் இருந்தன. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களில் பலர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நியாயமாகவே படுகிறது: “எங்க காளையை மட்டும் போட்டோ எடுக்கிறவங்க பெரிய கம்பெனி பண்ணைக்குள்ள போய் எடுப்பாங்களா?” பிறகு மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. வழக்கு முடிந்துவிட்டது, கேள்வி முடியவில்லை.

வாடிவாசல் ஊர் நடுவில் இருக்கிறது. கேலரி கட்டி, டிவிக்காரர்களைக் கூப்பிட்டு, பட்டப்பகலில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று படமெடுக்கலாம். ஏழை எளியவர்கள் விலங்கோடு செய்வதெல்லாம் தெருவில் நடக்கிறது, முதலீடு போட்டவர்கள் செய்வதெல்லாம் காம்பவுண்டுக்குள் நடக்கிறது. எது படத்தில் சிக்கும்? பாரபட்சம் இருக்கத்தான் செய்கிறது. அது கேமராவுக்குள் இல்லை, கேட்டில் இருக்கிறது. மெரினாவில் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், அந்தக் கேட்டுக்குள்ளும் கேமரா போக வேண்டும் என்பதுதான். ஜல்லிக்கட்டுக்காகக் கொடி பிடித்தவர்கள் இந்த வகைப் படங்களைப் பிரசாரம் என்று ஒதுக்கினால், தங்கள் கேள்வியைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

நாமக்கல்லையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் முட்டைத் தலைநகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் பிள்ளைகளின் சத்துணவு முட்டையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கம்பிக் கூண்டுகள், சாய்வான அடித்தளம், இட்ட முட்டை தானாக உருண்டு முன்பக்கத் தட்டுக்கு வந்துவிடும். குஞ்சாக இருக்கும்போதே மூக்கு வெட்டிவிடுவார்கள், நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாள் அளவுகூட இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை வெறும் கூண்டை 2012 முதல் தடை செய்துவிட்டது. இந்தியச் சட்ட ஆணையம் முட்டைக் கோழி, கறிக்கோழி வளர்ப்பைப் பற்றி 2017-ல் 269-வது அறிக்கையாகத் தனியே எழுதியது. இத்தனை பேருக்குச் சோறு போடும் தொழில், விவசாயம் பொய்த்த மண்ணில் சொந்த முயற்சியில் வளர்ந்த தொழில் என்பதையும் நான் மறுக்கவில்லை. படம் வந்தால் அதுவும் சேர்ந்தே வரட்டும். வெளியாட்கள் வந்தால் நோய் பரவும் என்பார்கள். பறவைக் காய்ச்சல் பயம் நியாயமானதே. ஆனால் கூரையில் பொருத்திய கேமராவுக்குக் காய்ச்சல் வராது.

நம் பத்திரிகைகள் நாமக்கல் முட்டைக் கொள்முதல் விலையைத் தினமும் போடுகின்றன. ஐந்து பைசா ஏறினாலும் செய்தி, இறங்கினாலும் செய்தி. அது நடுநிலைச் செய்தி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தச் செய்தியோடு வரும் படத்தில் அட்டைகளில் அடுக்கிய முட்டைகள் இருக்கும், அல்லது லாரியில் ஏற்றும் காட்சி இருக்கும். கோழி இருந்து நான் பார்த்த ஞாபகம் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூண்டுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைப் போடட்டும். எந்தப் பண்ணை, எந்தத் தேதி, எத்தனை கோழி, உரிமையாளர் என்ன சொன்னார், வேலை செய்பவருக்கு என்ன கூலி, எல்லாம் குறிப்பில் இருக்கட்டும். உள்ளே விட மறுத்தால் பூட்டிய கேட்டைப் படமெடுத்து, இத்தனை பண்ணைகளில் கேட்டோம், மறுத்தார்கள் என்று எழுதட்டும்.